ஒரு பொருளும் குறையாத வீடு

ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவருக்கு 'மடிப்பு' என்று பெயர். போர்வையோ தலையணை உறையோ, எதைக் கொடுத்தாலும் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி மடித்துவிடுவார். வயதில் சிறியவர்கள் மடிப்பக்கா என்றார்கள். கல்யாணமாகிக் குடிவந்த தெருவிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அங்கே முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். காலையில் வார்டுகளுக்குப் போன துணியும் மாலையில் திரும்பி வந்த துணியும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்று அறையில் இருந்த ஆறு பேரின் சம்பளத்திலும் பிடிப்பார்கள். யார் எடுத்தது என்று விசாரிக்கும் வழக்கம் கிடையாது. ஒருமுறை, இறந்துபோன ஒருவரை ஆஸ்பத்திரிப் போர்வையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். போர்வையைக் கேட்டு வாங்கி வா என்று இவரை அனுப்பினார்கள். இவர் அந்த வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பினார். போர்வையின் விலையைத் தன் கையிலிருந்து கட்டினார். "எப்படி சார் கேக்கறது? அழுதுட்டு இருக்காங்க" என்று பல வருடங்கள் கழித்து என்னிடம் சொன்னபோதும் அவருக்குக் கூச்சம் போகவில்லை.

அவரைப் பற்றி நான் எழுதுவதில் பாதி, வழக்குக் கோப்பில் இருந்தது. மீதி, அவரே சொன்னது. நீதிமன்றத்தின் உயில் பிரிவில் நான் பட்டியல் எழுத்தராக இருந்தேன். ஓர் உயிலை யாராவது எதிர்த்து வழக்குப் போட்டால், இறந்தவர் வீட்டுக்குப் போய் உள்ளே இருப்பதை எல்லாம் எழுதி எடுத்துவருவது என் வேலை.

நாற்பத்தோரு வயதில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. துணி அறையின் பூட்டைச் சரிசெய்ய வந்த பூட்டுக்காரர்தான் மாப்பிள்ளை. மனைவியை இழந்தவர், இருபது வயதில் ஒரு மகன். "ஒரு பூட்டுக்கு நாலு தடவை வந்தாரு சார். மொதல் தடவையே அது சரியாயிடுச்சு. மறுபடி மறுபடி கெட்டுப்போச்சுன்னு சொன்னது நான்தான்" என்று அவர் சொன்ன அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

வீட்டின் முன்னறையில்தான் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மகன் வேலை கிடைத்து வேறு தெருவுக்குப் போனான். சித்தி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். பதினெட்டு வருடம் அப்படியே ஓடியது. பிறகு பூட்டுக்காரருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. இவருடையது பென்ஷன் இல்லாத வேலை; ஓய்வு பெற்றபோது கிடைத்த மொத்தப் பணமும் அவருடைய வைத்தியத்துக்குப் போனது. ஓரளவு தேறியதும் அவர் உயில் எழுதினார். வீடும் கடையும் மனைவிக்கு, வங்கியில் இருப்பது மகனுக்கும் மனைவிக்கும் சரிபாதி. ஏழு மாதம் கழித்து இரண்டாம் முறை தாக்கியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

மகன் வழக்குப் போட்டான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்த மனையை வாங்கியது அவனைப் பெற்றவளின் நகையை விற்று. உயிலில் இருந்த கையெழுத்து நடுங்கிப்போய்க் கிடந்தது. அப்பா தெளிவாக இருந்தபோது போட்டதா என்று அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வழக்கு என்றதும் வங்கிக் கணக்கை முடக்கினார்கள், கடையைப் பூட்டினார்கள். அப்போது மடிப்பக்காவுக்கு வயது அறுபத்தொன்று. அவர் கையில் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு அந்த வீட்டுக்குள் போனேன். வெளியே வந்தபோது மாலை நாலு நாற்பது. பதினான்கு பக்கம், இருநூற்றுப் பதினெட்டு பொருட்கள்.

மற்ற எழுத்தர்கள் அந்த அளவு வீட்டை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். 'சமையலறைச் சாமான்கள், பலவகை' என்று ஒரே வரியில் எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 'அரிசி, தகர டின்னில், முக்கால் அளவு. குளியல் சோப்பு மூன்று, உறை பிரிக்காதது. கூடத்து பல்பு ஒன்று, எரிகிறது' என்று எழுதுவேன். "இவன் விட்டா சுவத்துல போற எறும்பையும் எண்ணி, எத்தனை கிழக்கே போச்சு எத்தனை மேற்கே போச்சுன்னு எழுதுவான்" என்று பிரிவில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. தின்றால் தீர்ந்துபோகும் பொருளையும் எழுதச் சொல்லி விதி எதுவும் இல்லை. எழுதாதே என்றும் இல்லை.

பட்டியல் முடிந்ததும் எச்சரிக்கையைப் படித்துக் காட்டவேண்டும். 'இதில் கண்ட எந்தப் பொருளையும் அகற்றவோ, குறைக்கவோ, மாற்றவோ கூடாது.' நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மகனின் வக்கீல், போகிற போக்கில் வாசலில் நின்று சொன்னார்: "கேட்டுக்கிட்டீங்கல்லம்மா? ஒரு ஸ்பூன் குறைஞ்சாலும் நீங்க எடுத்து வித்துட்டீங்கன்னுதான் சொல்லுவோம். அப்புறம் வீடு உங்களுக்கில்ல."

மடிப்பக்கா என்னைப் பார்த்தார். வக்கீல் சொன்னது சரியா என்று கேட்கிற பார்வை. கட்சிக்காரர்களின் பேச்சில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பது எங்கள் பிரிவின் பழக்கம். பேனாவை மூடிக்கொண்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினேன். பதினான்கு பக்கத்திலும் போட்டார். "இந்த லிஸ்ட்டுக்கு ஒரு காப்பி எனக்குக் கிடைக்குமா சார்?" என்று கேட்டார். தாராளமாகக் கிடைக்கும் என்றேன்.

அந்தப் பிரதியைச் சமையலறைக் கதவின் உட்புறம் ஆணி அடித்து மாட்டினார். ஒரு பொருள் குறைந்தால் வீடு போய்விடும் என்று அன்று முதல் நம்பினார். துணி அறையில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவருக்கு அதை நம்புவது கஷ்டமாக இல்லை.

அடுத்த வீட்டில் தையற்கடை. அந்தத் தையல்காரர்தான் பின்னால் எனக்கு நிறையச் சொன்னார். பட்டியல் எழுதிய வாரமே மடிப்பக்கா அவரிடம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு பாத்திரமும் இரவல் கேட்டாராம். வீட்டுக்குள் எரிவாயு அடுப்பு இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அது லிஸ்ட்ல இருக்கு. சிலிண்டர் பாதின்னு எழுதியிருக்காரு" என்றாராம். பின்வாசல் படியில் வைத்துச் சமைத்தார். ஒரு சலவைக்கடையில் துணி மடிக்கும் வேலை கிடைத்தது. தினக்கூலி. அது வயிற்றுக்கே இழுபறியாக இருந்தது. காதில் கிடந்த தோடு பட்டியலில் வரவில்லை, அதனால் அதை விற்றார்.

"என்னக்கா, மியூசியத்துக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று தையல்காரர் சீண்டுவார்.

"உனக்கு இலவசம். ஆனா எதையும் தொடக்கூடாது."

"நாற்காலில உக்காரலாமா?"

"உக்காந்தா தேயும்டா."

"அக்கா, நீங்க ஒரு நாற்காலிக்குப் பயந்து நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க. இது உங்களுக்கே கொஞ்சம் ஓவராத் தெரியல?"

"வீடு கைக்கு வரட்டும். வந்த அன்னைக்கு எல்லா நாற்காலிலயும் மாத்தி மாத்தி உக்கார்றேன் பாரு."

அவருடைய வக்கீல் ஒரு நடுத்தர வயதுப் பெண். ஜெயித்தபின் பணம் வாங்கிக்கொள்கிறேன் என்று வழக்கை எடுத்த நல்லவர். ஆனால் அவர் தலையில் நூறு வழக்குகள். ஒவ்வொரு வாய்தாவிலும், "செலவுக்கெல்லாம் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்பார். "ஒரு குறையும் இல்லம்மா" என்று இவர் சொல்வார். இலவசமாக வாதாடுகிறவரிடம் மேற்கொண்டு பஞ்சப்பாட்டு பாட இவருக்கு வாய் வரவில்லை. பென்ஷன் வருகிறது போலும் என்று வக்கீல் எண்ணிக்கொண்டார்.

இருபத்தாறு மாதம் கழிந்தது. சித்தி வீட்டுச் சாமான்களை விற்றுத்தான் பிழைக்கிறார், சரிபார்க்கவேண்டும் என்று மகன் மனுப் போட்டான். வேலை மறுபடி என்னிடம் வந்தது. மே 19, வெள்ளிக்கிழமை, மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்தில் ஆரம்பித்தோம். நான் எண்ணையும் பொருளையும் படிப்பேன், மகன் பார்த்து உண்டு என்பான். முதல் ஐம்பதும் இருந்தன. நூறு வரைக்கும் இருந்தன. உள்ளதைச் சொல்லவேண்டும்: எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி கிளம்பியது. முப்பத்து நான்கு வருட வேலையில் நான் சரிபார்த்த எந்த வீட்டிலும் நாலைந்து பொருளாவது குறையும். இங்கே ஒரு டிக் குறியும் தவறவில்லை.

சமையலறையில்தான் அந்த மகிழ்ச்சி இறங்க ஆரம்பித்தது. அரிசி டின்னை மகன் திறந்தான். முக்கால் அளவு இருந்தது, ஆனால் அரிசியாக இல்லை. வண்டு அரித்து மாவாகி, விரல் பட்டதும் புகைந்தது. சோப்பு மூன்றும் உறைக்குள் சுருங்கி வெடித்திருந்தன. கூடத்து பல்பு இருந்தது. எரியவில்லை. பியூஸ் போனதைக் கழற்றி வேறு போட்டால் 'மாற்றியது' ஆகிவிடும் என்று அதற்குக் கீழேயே இருட்டில் இருந்திருக்கிறார்.

படுக்கையறையில் மகன் நின்றுவிட்டான். கட்டிலின் மேல் மெத்தை, அதன் மேல் நான் எழுதியபடியே 'போர்வை ஒன்று, மடித்தது'. எல்லாவற்றின் மேலும் இரண்டு வருடத் தூசி. ஆணியில் அவன் அப்பாவின் சட்டை இரண்டு.

"சித்தி, நீங்க எங்க படுக்கறீங்க?"

"இங்கதான் தம்பி" என்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய பாய் சுருட்டி வைத்திருந்தது. "பாய் தையல்காரரோடது. லிஸ்ட்ல இல்ல."

"நான் உங்கள மெத்தையில படுக்கக்கூடாதுன்னு சொன்னேனா?"

"நீ சொல்லல தம்பி."

"அப்புறம் என்ன சித்தி இது? தெருவுல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று குரலை உயர்த்தினான். அவனுக்கு வந்தது கோபம் இல்லை. ஆனால் அவனுக்கு வெளிக்காட்டத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் அடுத்த எண்ணுக்குப் போனேன். இருநூற்று ஏழு. 'அலமாரி மேல்தட்டு: கண் சொட்டு மருந்து, புட்டி இரண்டு, மூடி உடைக்காதது.' இரண்டு புட்டியும் நான் எழுதிய இடத்திலேயே நின்றன. மூடி உடைபடவில்லை. அட்டையில் இருந்த கெடு தேதி போய்ப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது.

"இது யாருக்கு வாங்கினது?" என்று கேட்டேன். அவர் வந்து புட்டியைப் பார்த்தார். தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்பி, வலது கண்ணை மட்டும் அதற்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். காலையிலிருந்து அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்குத்தான் சார். கண்ணுல அழுத்தம் ஜாஸ்தின்னு தினம் ரெண்டு வேளை போடச் சொன்னாங்க. நீங்க வந்ததுக்கு முந்தின வாரம் வாங்கினது."

"போடலையா?"

"லிஸ்ட்ல இருக்கே சார்."

"வேற வாங்கியிருக்கலாமே?"

"மொதல்ல ரெண்டு மாசம் வாங்கினேன். அப்புறம் முடியல. ஒரு புட்டி ரெண்டு நாள் கூலி."

மகன் அறையை விட்டு வெளியே போய்விட்டான். மீதிப் பதினொரு பொருட்களை நான் தனியாகச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. அறிக்கையில் 'குறைவு: இல்லை' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

அன்று மாலை அலுவலகத்தில் அறிக்கையோடு இணைக்க முதல் பட்டியலின் கரட்டுத் தாள்களை எடுத்தேன். நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. வீட்டில் நின்றுகொண்டே கிறுக்கிய தாள்கள் ஏழு. ஏதோ ஒரு தாளைத் திருப்பினேன், மறுபுறம் அச்சடித்திருந்தது. ஏழிலும் ஒரே அச்சு.

உயில் வழக்கில் கணவனையோ மனைவியையோ இழந்தவருக்குக் கொடுக்கவேண்டிய அறிவிப்பு அது. வழக்கு முடியும்வரை அவர் அந்த வீட்டிலேயே குடியிருக்கலாம். வீட்டுச் சாமான்களை வழக்கம்போல் பயன்படுத்தலாம். பட்டியல், விற்பதையும் கடத்துவதையும் தடுக்க மட்டுமே. இறந்தவரின் பணத்திலிருந்து மாதச் செலவுக்கும் மருந்துக்கும் தொகை கேட்டு மனுச் செய்யலாம். அப்படிக் கேட்பதால் வழக்கில் அவருடைய உரிமை குறையாது. அரைப்பக்கம்தான்.

அந்த அறிவிப்பு முன்கவுண்டரில் கொடுக்கப்படவேண்டியது. கவுண்டரில் இருந்தவர்கள் வக்கீல் சொல்லிக்கொள்வார் என்று விட்டார்கள். வக்கீலோ கேட்டதற்கு 'ஒரு குறையும் இல்லை' என்ற பதிலையே பெற்றுவந்தார். தாள்கள் கட்டுக்கட்டாய்த் தேங்கின. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கரட்டு எழுத நான் ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தேன். அன்று அந்த வீட்டில் ஆறு மணி இருபது நிமிடம் அந்தத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, தவறான பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவருடைய வக்கீல் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு தடவையும் கேட்டேனே சார், ஒவ்வொரு தடவையும் கேட்டேனே" என்றார். திங்கட்கிழமை மனுத் தாக்கலானது. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, நானும் நீதிபதிக்குக் கொடுத்தேன்.

"உன்னை யாருய்யா கேட்டா? அறிவிப்பு கொடுக்கறது உன் வேலையே இல்ல. ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்கு, நீயாப் போய்த் தலையக் குடுக்கற" என்றார் கண்காணிப்பாளர்.

"என் வேலையில்லன்னுதான் சார் அன்னைக்கும் நினைச்சேன்" என்றேன்.

மகன் மனுவை எதிர்க்கவில்லை. அவன் வக்கீல் எழுந்தபோது சட்டையைப் பிடித்து உட்காரவைத்ததை நான் பார்த்தேன். மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. மாதம் ஒரு தொகை, மருந்துக்குத் தனி. ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்துதான். அதற்கு முந்தைய மாதங்களுக்கும் வேண்டும் என்று வக்கீல் அம்மா மன்றாடினார். நீதிபதி என்னுடைய பக்கத்தை இரண்டு முறை படித்தார். கேட்காத காலத்துக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, அதைக் கோப்பில் சேர்க்கச் சொன்னார்.

கண் மருத்துவர் இடது கண்ணைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். போன பார்வை எந்த மருந்துக்கும் திரும்பாதாம். வலது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து போட்டால். அவர் தவறவில்லை. தையல்காரர் கடையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் போட்டுக்கொண்டார்.

வழக்கு இன்னும் ஒன்றரை வருடம் நடந்தது. உயில் செல்லும் என்று தீர்ப்பானது. மகன் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பட்டியலை நீக்கி வீட்டை ஒப்படைக்கும் உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பியூன் போதும். நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஏழு தாள்களில் ஒன்றும் என் பையில் இருந்தது.

கூடத்தில் புது பல்பு எரிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உத்தரவை நான்தான் படித்துக் காட்டினேன். பிறகு அந்தத் தாளை எடுத்து நீட்டினேன்.

"இத நான் உங்களுக்கு அன்னைக்கே குடுத்திருக்கணும்மா. கையிலயே வச்சிருந்தேன்."

முகத்தோடு ஒட்டி வைத்து, வரி வரியாகப் படித்தார். நேரம் ஆயிற்று. திருப்பி என் கிறுக்கலையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவருக்கு முன்னால் அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. அவரும், பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்த மருந்த ஏன் சார் எழுதினீங்க?"

"அலமாரில இருந்துச்சும்மா."

"அது பொம்பள பேரு போட்ட மருந்து சீட்டோட இருந்துச்சே. என் பேருதான். செத்தவரோடது இல்லன்னு தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது. இருக்கறத எல்லாம் எழுதினேன்."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் வலது கண்ணை என் மேலேயே வைத்திருந்தார். என்னிடம் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

பெறுதல் ரசீதில் எங்கே கையெழுத்து என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். விரலைத் தொட்டுக்கொண்டே போட்டார். நான் எழுந்ததும், "படி எறங்கும்போது பாத்துப் போங்க சார், கடைசிப் படி கொஞ்சம் பேந்திருக்கு" என்றார்.